பத்து நொடிக்கு ஒரு பார்வை

ஏப்ரல் 6

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் சுகம். முதுகுவலிதான் என்னை விட்டுப் பிரிய மனமில்லாமல் கூடவே இருக்கிறது. உன் சளி விட்டதா? அந்தத் தீவில் மழை விட்டால்தானே சளி விடும். வெந்நீர் குடி.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் விண்கலம் கரணம் அடித்துக்கொண்டிருக்கிறது. அதன் பக்கவாட்டில் வாயுவைப் பீய்ச்சித் திருப்புகிற குட்டிக் குழாய்கள் உண்டு. திரஸ்டர் என்போம். அதில் ஒன்று போன வாரம் மூடச் சொன்ன பிறகும் மூடாமல் பீய்ச்சித் தள்ளிவிட்டது. கலம் சுழல ஆரம்பித்துவிட்டது. சுழற்சியை அளக்க உள்ளே இருக்கும் கருவியோ முதல் நாளே படுத்துவிட்டது. சூரியத் தகடுகளில் வெயில் நிலையாக விழாததால் பாட்டரி ஏறவில்லை. ஜூலைக் கடைசியில் கலம் பூமியின் நிழலுக்குள் போகிறது. அதற்குள் அதை நிறுத்தித் தகடுகளை வெயிலுக்குக் காட்டாவிட்டால் குளிரில் விறைத்துச் செத்துவிடும். ஆறு வருட உழைப்பு அதோடு போச்சு.

திரஸ்டரை ஒரு கணம் பீய்ச்சுவதைத் தட்டு என்போம். எங்கே தட்டினால் எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பும் என்று சொல்கிற கணக்கு என்னுடையது. அதனால் எல்லோரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் உன் முகத்தைப் பார்க்கிறேன். இப்போது கலத்தின் மெல்லிய குரல் கேட்கிற அளவுக்குப் பெரிய ஆன்டெனா உன் தீவில் மட்டும்தான் இருக்கிறது. கலம் சுழலச் சுழல உனக்கு வரும் சிக்னலின் பலம் ஏறி இறங்கும். வரைந்து பார்த்தால் மலைபோல வரும், ஒரு பக்கம் செங்குத்தாக, மறுபக்கம் சாய்வாக. செங்குத்து முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்று பார்த்துத்தான் எந்தப் பக்கம் சுழல்கிறது என்று நான் கண்டுபிடிக்க வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்காரு.

உன் வீட்டுக்காரி நன்றாக இருக்கிறாள். அவள் பஸ்ஸில் ஏறினால் நான்கூட டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கிறது.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 28

என் அருமை அக்காவுக்கு,

சளி போய்விட்டது. இருமல் அதன் இடத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறது. உன் முதுகுக்கு நல்ல நாற்காலி வாங்கு என்று எத்தனை தடவை சொல்வது? வானத்தில் இருப்பதையெல்லாம் நிமிர்த்தத் தெரிகிறது, நீ மட்டும் கூன் போட்டு உட்காருகிறாய்.

உன் ராட்டினத்தின் சிக்னல் தினமும் ஐந்து மணி நேரம் வருகிறது. என்னைக் கண்ணில் விளக்கெண்ணெய் விடச் சொன்னாய். விட்டு என்ன பயன்? வேலை செய்வது நான் இல்லை, இயந்திரம். பத்து நொடிக்கு ஒருமுறை அது சிக்னலை எட்டிப் பார்க்கும். ஒரு எண்ணை எடுக்கும். கடலடிக் கம்பி வழியாக உங்களுக்கு அனுப்பும். நடுவில் அதுவும் என்னைப்போல் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும். முன்பெல்லாம் ஹெட்போன் மாட்டிக் காதாலேயே கேட்பார்களாம். யாரோ ஒருவன் கேட்டபடியே குறட்டை விட்டான் என்று நிலையத் தலைவர் ஹெட்போனைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார். நாங்கள் அவரை வார்டன் என்று கூப்பிடுகிறோம். அவருக்கும் தெரியும்.

ஜூன் படகில் எனக்கு மாற்றாள் வருகிறான். அதே படகில் நான் ஏறிவிடுவேன். ஒன்றரை வருடம் ஆகிறது அக்கா. தகர வீட்டில் மழைச் சத்தம் கேட்டுக் கேட்டு, மழை நின்றால் தூக்கம் கலைகிறது. கண்டக்டரம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. டிக்கெட் கிழித்துக் கொடுத்ததுபோல இரண்டே சொல்: 'நலம். வரவும்.' அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். சிரிக்காதே.

உன் அன்புத் தம்பி


மே 16

அன்புத் தம்பிக்கு,

உன் இருமலுக்கு மருந்து, என் கையில் இருக்கும் செய்தி. கலம் நின்றுவிட்டது! நின்றே விட்டதடா!

உன் எண்களை வைத்து வரைந்தேன். கலம் கடிகாரத்துக்கு எதிர்ப்புறமாக மெதுவாக, மூன்றரை நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றுவதாகத் தெரிந்தது. எதிர்த் திசையில் எத்தனை தட்டு தட்ட வேண்டும் என்று என் கணக்கு சொன்னது. தட்டினோம். ஒவ்வொரு தட்டுக்கும் கணக்கு சொன்னபடியே வேகம் குறைந்தது. கடைசித் தட்டில் வரைபடத்தின் கோடு மேசை விளிம்புபோல நேராகிவிட்டது. எங்கள் இயக்குநர், அதுதான் நம் சபாஷ் சார், அறை முழுக்க நடந்து 'சபாஷ், சபாஷ்' என்று எல்லோர் முதுகிலும் தட்டினார். என் முதுகில் கொஞ்சம் பலமாகவே விழுந்தது. அந்த வலியும் அன்றைக்கு இனித்தது. மறுநாள் பேப்பரில் அவர் படம் வந்தது. பின்னால் தெரிகிற கூந்தல் என்னுடையது என்று உன் வீட்டுக்காரி பஸ் முழுக்கக் காட்டியிருக்கிறாள்.

தகடுகளை வெயில் பக்கம் திருப்பச் சொல்லி உத்தரவு அனுப்பியிருக்கிறோம். பாட்டரி இன்னும் ஏறவில்லை. இரண்டு நாளில் ஏறும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மே 26

தம்பி,

சுகமா? நான் சுகமாக இல்லை, அதனால் நேரடியாக எழுதுகிறேன்.

பாட்டரி ஏறவில்லை. தகடு திரும்பும் கீல் இறுகிவிட்டது என்கிறார் சபாஷ் சார். இருக்கலாம். ஆனால் கலம் அவ்வப்போது தன் உடம்புச் சூட்டையும் சொல்கிறது. அதை எடுத்து வரிசையாக எழுதிப் பார்த்தேன். நிற்கிற கலமென்றால் வெயில் படும் பக்கம் கொதிக்க வேண்டும், மறுபக்கம் உறைய வேண்டும். இதில் நாலு பக்கமும் ஒரே சூடு. ரொட்டியைத் திருப்பித் திருப்பிப் போட்டுச் சுட்டதுபோல. யார் திருப்பிப் போடுகிறார்கள்?

பட்டறைகளில் வேகமாகச் சுழலும் சக்கரம் டியூப்லைட் வெளிச்சத்தில் நிற்பதுபோலத் தெரியும், பார்த்திருப்பாய். விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. ஒவ்வொரு முறை எரியும்போதும் சக்கரத்தின் கம்பி அதே இடத்துக்கு வந்திருந்தால் நம் கண்ணுக்கு அது நிற்கும். வேகம் கொஞ்சம் குறைவாக இருந்தால் பின்னோக்கிச் சுற்றுவதுபோலத் தெரியும். உன் இயந்திரம் பத்து நொடிக்கு ஒரு தடவைதான் எட்டிப் பார்க்கிறது. கலம் சரியாகப் பத்து நொடிக்கு ஒரு சுற்று சுற்றினால்? ஒவ்வொரு தடவையும் அதே முகத்தைத்தான் பார்க்கும். நிற்கிறது என்றுதான் சொல்லும்.

அப்படியானால் அது முதலிலிருந்தே வேகமாக, நாங்கள் நினைத்ததற்கு நேர்மாறான திசையில் சுற்றியிருக்கிறது. நிறுத்துகிறோம் என்று நினைத்து நாங்கள் இன்னும் கொஞ்சம் முடுக்கிவிட்டிருக்கிறோம். அதுவும் என் கணக்கு சொன்னபடி, ஒரு தட்டுகூடத் தவறாமல்.

சபாஷ் சாரிடம் சொன்னேன். "பேப்பர்ல போட்டாச்சு, இப்ப போய் சுத்துதுன்னு சொல்லச் சொல்றியா?" என்றார். எட்டிப் பார்க்கும் இடைவெளியை மாற்ற வேறு இரண்டு அலுவலகங்கள் கையெழுத்துப் போட வேண்டுமாம். கேட்கவே வேண்டாம் என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டார். கம்பி வழியாக நான் உனக்கு ஒரு வார்த்தை அனுப்பினாலும் அவர் மேசைக்குப் போகும்.

அதனால் கடிதம். இது நீ ஏறப்போகிற படகிலேயே வந்து சேரும். மூட்டை கட்டுகிற அவசரத்தில் முடிந்தால், ஒரே ஒரு தடவை ஹெட்போனை மாட்டிக் கேள். குரல் நேராக இருக்கிறதா, ஏறி இறங்குகிறதா? முடியாவிட்டால் மாற்றாளிடம் சொல்லிவிட்டு வா. வருவதுதான் முக்கியம். உன் வீட்டுக்காரி வாசல் கதவுக்கு வர்ணம் அடித்துவிட்டாள்.

அக்கா


ஜூன் 12

அன்புள்ள கண்டக்டரம்மாவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். துறைமுகத்தில் உனக்கு அறை வசதியாக இருக்கிறதா? வேளைக்குச் சாப்பிடு. படகு வரும்வரை கடலையே பார்த்துக்கொண்டு நின்றால் அது சீக்கிரம் வந்துவிடாது.

உன் வீட்டுக்காரன் ஒரு காரியம் செய்துவிட்டுப் படகேறியிருக்கிறான். நேற்று மாலை வரைபடத்தில் கோடு வழக்கம்போல நேராகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று மேலே பாய்ந்தது, கீழே விழுந்தது, மறுபடி மேலே. பத்து எண்ணுக்கு ஒரு மலை. ஒரு மணி நேரம் ஆடிவிட்டுப் பழையபடி நேரானது. அறையில் எல்லோரும் "மெஷின் போச்சு, மெஷின் போச்சு" என்றார்கள். நான் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். சிரித்தேனா அழுதேனா என்று இப்போதும் தெரியவில்லை. இடைவெளியை ஒன்பது நொடியாக மாற்றினால்தான் அப்படி வரும். அந்தக் குமிழைத் திருக அந்தத் தீவில் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

இறங்கியதும் முதலில் காதைத் திருகு. சொல்லாமல் கொள்ளாமல் செய்ததற்கு. பிறகு என் பங்குக்கு ஒரு முத்தம் கொடு.

அண்ணி


ஜூன் 20

அண்ணிக்கு,

நலம். படகு வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். அவர் இறங்கவில்லை. மாலுமியைக் கேட்டேன். "நல்லாத்தான் இருக்காரும்மா, கரையில நின்னு கை காட்டினார்" என்றார். உங்களுக்கு ஒரு கடிதம் தபால் பையில் இருக்கிறதாம். எனக்கு எழுதவில்லை.

திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகிறேன்.


ஜூன் 9

என் அருமை அக்காவுக்கு,

நான் சுகம். இருமலும் போய்விட்டது. உன் இரண்டு கடிதமும் இன்று காலை ஒன்றாக வந்தன. நின்றுவிட்டது என்று படித்துத் துள்ளினேன். அடுத்ததைப் பிரித்து உட்கார்ந்துவிட்டேன்.

வார்டனிடம் பெட்டிச் சாவி கேட்டேன்.

"எதுக்கு?"

"அக்கா கேட்டுப் பாக்கச் சொன்னாங்க."

"உங்க அக்கா என்ன எனக்கு மேலதிகாரியா?"

"இல்ல சார். எனக்கு."

முறைத்தார். பிறகு சாவியை மேசையில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

மாலை சிக்னல் வந்ததும் மாட்டினேன். முதலில் வெறும் இரைச்சல். காது பழகியதும் அடியில் ஒரு மெல்லிய ஊளை. அக்கா, அது நேராக இல்லை. வளர்கிறது, தேய்கிறது, வளர்கிறது. தூங்குகிற ஆளின் மூச்சைப்போல நிதானமாக, நிற்காமல். கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நொடிக்கு ஒன்று. இயந்திரம் டக்கென்று எண்ணை எடுக்கிற ஒவ்வொரு முறையும் ஊளை அதே உயரத்தில் நிற்கிறது.  ஹெட்போனின் ஒரு காதை வார்டனிடம் கொடுத்தேன். கண்ணை மூடிக் கேட்டவர், "அடப்பாவி, சுத்துதே!" என்றார்.

மெதுவாக ஏறி, சட்டென்று இறங்குகிறது. உன் வரைபடத்தில் எப்படி இருந்தது என்று நீயே ஒப்பிட்டுக்கொள்.

நான் கேட்டேன் என்று எழுதினால் யார் நம்புவார்கள்? கோட்டில் தெரிந்தால்தானே அசைவார்கள். நாளை மறுநாள் மாலை குமிழை ஒன்பதுக்குத் திருகப்போகிறேன். "அந்த நேரத்துல நான் ஜெனரேட்டரைப் பாக்கப் போயிடுவேன்" என்று வார்டன் சொல்லியிருக்கிறார்.

மாற்றாள் வந்து இறங்கினான். தங்கமான மனிதன், ஆனால் கரைக்கு வந்தும் தரை ஆடுகிறது என்கிறான். அவன் காதுக்கு இப்போதைக்கு அலைச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

படகில் இந்தத் தடவை இடம் சரிப்படவில்லை என்று கண்டக்டரம்மாவிடம் நீயே சொல்லிவிடு. அவளுக்கு எழுத உட்கார்ந்தேன், பேனா ஓடவில்லை.

உன் தம்பி


ஜூலை 2

தம்பி,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமாக இருந்தால் என் கையால் அடி வாங்கு.

படகில் இடம் சரிப்படவில்லையாம். யார் காதில் பூச்சுற்றுகிறாய்? பத்தாம் தேதியே படகு கிளம்பிவிட்டதாம், பதினோராம் தேதி குமிழைத் திருகப்போகிறேன் என்று நீயே எழுதியிருக்கிறாய். படகிலிருந்து கை நீட்டித் திருகுவாயா? மாற்றாளுக்குக் கேட்கத் தெரியாது என்பதால் நீ கரையில் நின்றுவிட்டாய். என் கடிதத்தால்தான் நின்றாய். முடியாவிட்டால் வா என்றுதானே எழுதினேன்? அவள் துறைமுகத்தில் கடைசிப் பயணி இறங்கும்வரை நின்றிருக்கிறாள். உன் கடிதத்தை அவளிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தாள். "சரி அண்ணி" என்று மடித்து வைத்துவிட்டாள். 

திட்டி முடித்துவிட்டேன். இனி கேள். நீ கேட்டது மெதுவாக ஏறிச் சட்டென்று இறங்கியது, என் பழைய வரைபடமோ சட்டென்று ஏறி மெதுவாக இறங்கியது, ஆக நாங்கள் நினைத்த திசை நேர்மாறுதான்.

நேற்று கூட்டம். கலத்தைக் கைகழுவிவிடலாமா என்று முடிவு செய்ய. நான் எழுந்து, அது நிற்கவில்லை, சுற்றுகிறது என்றேன். சபாஷ் சார் நாற்காலியில் சாய்ந்தார்.

"அன்னிக்கு வந்தது மெஷின் கோளாறு."

"சரி சார். மெஷினை எட்டு நொடிக்கு மாத்தச் சொல்லுங்க. என்ன வரும்னு இப்பவே பலகையில எழுதி வெக்கிறேன். தப்பா வந்தா நான் வாயே திறக்கலை."

எழுதினேன். ஐந்து எண்கள், ஐந்துக்குப் பிறகு திரும்ப அதே ஐந்து, அதற்குப் பிறகும் அதே ஐந்து. பத்து நொடிக்கு ஒரு சுற்று சுற்றுவதை எட்டு நொடிக்கு ஒருமுறை பார்த்தால், நாற்பது நொடிக்கு ஒருமுறை அதே முகம் திரும்ப வரும். கோளாறான இயந்திரம் இப்படி ஒழுங்காக உளறாது. பெரிய அதிகாரி ஒருவர் வந்திருந்தார். "கேட்டுத்தான் பாருங்களேன்" என்று அவர் சொன்னதும், கையெழுத்து வேண்டும் என்று சொன்ன இரண்டு அலுவலகமும் அரை மணியில் சம்மதித்தன. உங்கள் பக்கத்தில் குமிழைத் திருகியது நீதானே? காகிதம் வர ஆரம்பித்தது. முதல் ஐந்து. பலகையில் இருந்த அதே ஐந்து. இரண்டாவது ஐந்து. மூன்றாவது வரும்போது அறையில் எல்லோரும் என்னோடு சேர்ந்து உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்கள். சபாஷ் சார் எழுந்து பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.  பிறகு சின்னக் குரலில் "சபாஷ்" என்றார். பதினொரு வருடத்தில் அவர் அதைப் பொருள் தெரிந்து சொன்னது நேற்றுத்தான்.

இனிமேல்தான் கண்டம். நாங்கள் முன்பு செலவழித்த வாயு ஒரு மிடறு. இதை நிறுத்தத் தொட்டி முழுவதையும் காலி செய்ய வேண்டும். இரண்டாவது தடவை கிடையாது. கடைசியில் ஒரு தட்டு கூடினால் மறுபக்கம் சுற்றும், ஒன்று குறைந்தால் தகடுகள் வெயிலைத் தாண்டிப் போய்விடும். மெதுவாகச் சுற்றும்போது எண்களை நம்பலாம், ஆனால் அவை தட்டு முடிந்து வெகுநேரம் கழித்துத்தான் கதை சொல்லும். குரல் உச்சிக்கு வரும்போதுதான் தகடுகள் வெயிலைப் பார்க்கும்; அதை உடனே சொல்ல ஒரு காது வேண்டும். உன்னைக் கேட்காமலேயே உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். கம்பியில் பேச அனுமதி வாங்கியாயிற்று. வேலை தவிர வேறு வார்த்தை கூடாதாம்.

இந்தக் கடிதம் வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும். இருந்தாலும் எழுதிவிட்டேன். பயமாக இருக்கிறது தம்பி.

அக்கா


ஜூலை 24

என் அருமை அக்காவுக்கு,

நான் நலம். உன் வசவுக் கடிதம் நேற்றுத்தான் வந்தது. ஜெயித்து முடித்த பிறகு திட்டு வாங்குவது எவ்வளவு சுகமாக இருக்கிறது தெரியுமா? வார்டனுக்கும் படித்துக் காட்டினேன். "உன் அக்காகிட்ட நான் வேலை பாத்திருந்தா எப்பவோ ஓடியிருப்பேன்" என்றார்.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் இந்தப் பக்கத்திலிருந்து எப்படி இருந்தது என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. நீ அங்கே கோடு பார்த்தாய். நான் கேட்டேன்.

முதல் நாள் தட்டத் தட்ட, அந்த மூச்சு நீண்டுகொண்டே போனது. பத்து நொடியாக இருந்தது பன்னிரண்டு, பதினைந்து. எனக்குத் தலைகால் புரியவில்லை. திசை தப்பியிருந்தால் மூச்சு இரைத்திருக்கும், இல்லையா? இரண்டாம் நாள் அரை நிமிடம். மூன்றாம் நாள் ஊளை ஒருமுறை ஏறி இறங்குவதற்குள் வார்டன் டீ ஊற்றிக்கொண்டு வந்துவிட்டார். மாற்றாள், பாவம், இப்போது தரை ஆடுவதை மறந்துவிட்டு என் பக்கத்திலேயே குந்தியிருந்தான்.

நாலாம் நாள்தான் உயிர் போய் உயிர் வந்தது. தொட்டியில் மூன்று தட்டுக்குத்தான் வாயு என்று கம்பியில் சொன்னாய். ஒன்று தட்டினாய். ஊளை மெதுவாக ஏறியது. நான் "ஏறுது, ஏறுது" என்றேன். இரண்டாவது தட்டு. "இன்னும் ஏறுது. ரொம்ப மெதுவா."  உன் மூச்சு மட்டும் கேட்டது. உன் அறையில் யாரோ "இப்ப தட்டுங்க, இப்ப" என்று கத்தினார்கள். நீ தட்டவில்லை. ஏன் தட்டவில்லை என்று நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவ்வளவு நேரம் எப்படிப் பொறுத்தாய் அக்கா? சின்ன வயதில் பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்க மாட்டாயே. ஊளை உச்சிக்கு வந்து, இறங்கலாமா என்று யோசிப்பதுபோல ஒரு சின்னத் தயக்கம் காட்டியது. நான் வாய் திறப்பதற்குள் நீ மூன்றாவதைத் தட்டிவிட்டாய்.

அதன் பிறகு அது இறங்கவில்லை.

ஹெட்போனில் ஒரே குரல். நேராக, கணீரென்று. இரண்டு நிமிடம் காத்திருந்தேன், ஐந்து நிமிடம் காத்திருந்தேன். "நிலையம், என்ன கேக்குது?" என்றாய். "ஒண்ணும் மாறலை, அக்கா. ஒண்ணுமே மாறலை" என்றேன். கம்பியில் அக்கா என்று சொல்லக் கூடாது, தெரியும். வார்டன் தன் காதைப் பொத்திக்கொண்டார்.

பிறகு நீ, "நிலையம், பாட்டரி ஏறுது" என்றாய். பெரிய அதிகாரி தோரணையில்தான் ஆரம்பித்தாய். "ஏறுது" என்னும்போது குரல் உடைந்துவிட்டது. பின்னால் உன் அறையே கூரை பிய்ந்துபோகக் கத்தியது. இங்கே நாங்கள் மூன்று பேர்தான், ஆனாலும் உங்களுக்குச் சளைக்கவில்லை. மழையில் ஓடிப்போய் ஆன்டெனாவின் அடிக்கம்பத்தைக் கட்டிக்கொண்டோம். வார்டன் ஆடினார் அக்கா. அந்த மனிதர் ஆடினார்!

கண்டக்டரம்மா இன்னும் எழுதவில்லை. இந்தப் படகிலும் ஒன்றும் வரவில்லை. நிழலைக் கலம் தாண்டும்வரை நான் இங்கேதான் இருக்க வேண்டும் என்று உத்தரவு. அவள் கோபம் நியாயம்தான். அவளுக்கு என்ன சொல்லலாம் என்று நீயே ஒரு வழி சொல்லு.

உன் தம்பி


ஆகஸ்ட் 3

என் தங்கத் தம்பிக்கு,

நான் நலம். முதுகும் நலம். சபாஷ் சார் தன் சொந்த நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து என் மேசைக்குப் பின்னால் போட்டுவிட்டுப் போனார். உன் கடிதம் இன்று மாலை வந்தது. படகு நாளைக் காலையே திரும்புகிறது, அதனால் மளமளவென்று எழுதுகிறேன்.

கலம் நிழலுக்குள் போனது. வெளியே வந்தது. உயிரோடு வந்தது! இதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன். உள்ளே போகும்போது பாட்டரி நிரம்பி வழிந்தது. நிழல் முடிந்து முதல் வெயில் பட்டதும் தகடுகள் நாங்கள் வைத்த கோணத்திலேயே இருந்தன. நேற்று அது தன் கேமராவைத் திறந்து பூமியைப் படம் எடுத்து அனுப்பியது. துளிகூட மங்கல் இல்லை. அசைந்திருந்தால் மங்கியிருக்கும். அந்தப் படத்தில் உன் தீவு ஒரு புள்ளிகூட இல்லை, ஆனாலும் எங்கே இருக்கும் என்று எல்லோருக்கும் விரல் வைத்துக் காட்டினேன்.

மூன்றாவது தட்டுக்கு எப்படிப் பொறுத்தேன் என்று கேட்டாய். பொறுக்கவில்லை. என் கணக்கு எப்போது தட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தது, உன் குரலும் அதையேதான் சொன்னது. கத்தியவர்கள் வேறு யாருடைய பேச்சையோ கேட்டுக் கத்தினார்கள்.

இன்னொன்று. அனுமதி இல்லாமல் குமிழைத் திருகியதற்கு விளக்கம் கேட்டு உனக்கு ஓலை வந்ததை நீ எனக்கு எழுதவில்லை. சம்பளத்தை நிறுத்தி வைத்ததையும் எழுதவில்லை. சபாஷ் சார்தான் கோப்பைக் கொண்டுவந்து காட்டினார். "இதை நான்தான் போட்டேன். நானே கிழிச்சிடறேன்" என்று என் எதிரிலேயே நாலாகக் கிழித்தார். பேப்பர்காரர்களைத் திரும்பக் கூப்பிட்டு, கலம் மே மாதம் நிற்கவே இல்லை, தான் சொன்னது தப்பு, நிறுத்தியவர் இவர் என்று என்னை முன்னால் இழுத்துவிட்டார். அந்த நிமிடம் அவர்மேல் இருந்த கோபமெல்லாம் பஞ்சாய்ப் பறந்துவிட்டது. இந்தத் தடவை படத்தில் என் முகம்தான் இருக்கிறது. வாயைப் பிளந்துகொண்டு சிரிக்கிறேன், அசிங்கமாக இருக்கிறது, வெட்டி வைத்திருக்கிறேன்.

கலம் இன்னும் ஒரு வருடம் உழைக்கும். உன் நிலையத்தில் இனி ஒரு ஆள் எப்போதும் காதால் கேட்க வேண்டும் என்று உத்தரவாகிவிட்டது. மாற்றாளைப் பழக்கி விட்டுவிட்டு நீ வரலாம், அதற்கு நாலைந்து மாதம் ஆகும் என்றார்கள். இதை உன் வீட்டுக்காரியிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவள் டிக்கெட் பையைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"அவர் சரியாத்தான் செஞ்சிருக்கார் அண்ணி. எனக்கு எழுதலைங்கறதுதான் கோபம். அதை எழுத்துல தீத்துக்க முடியாது" என்றாள்.

மறுநாள் சபாஷ் சாரைப் பார்க்கத் தானே நேரில் போனாள். என்ன பேசினாள் என்று தெரியாது. அவர் கையெழுத்துப் போட்ட ஒரு காகிதத்தோடு வெளியே வந்தாள். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

என்ன சொல்லலாம் என்று வழி கேட்டாய் அல்லவா? எனக்குத் தெரியாதடா. நீயே பார்த்துப் பேசிக்கொள். இந்தக் கடிதம் தபால் பையில் வரவில்லை. இதை உன் கையில் கொடுத்த ஆள் இன்னும் உன் எதிரில்தான் நின்றுகொண்டிருக்கிறாள். காகிதத்தை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்து பார்.

அன்புடன்,
அக்கா